காது இரைச்சல்: அறிவதும் அளப்பதும் சமாளிப்பதும்

வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது காதுக்குள்ளோ தலைக்குள்ளோ சத்தம் கேட்டால் அதுதான் காது இரைச்சல். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். ‘ஙொய்’யென்று கேட்கிறது என்பார் ஒருவர், குக்கர் விசில், வண்டு ரீங்காரம், மழை இரைச்சல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒரு காதில் கேட்கலாம், இரண்டிலும் கேட்கலாம், நடுமண்டையில் கேட்பதுபோலவும் தோன்றலாம். சிலருக்கு விட்டுவிட்டு வரும். சிலருக்கு விடாமல் இருக்கும்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான மதிப்பீட்டின்படி, வயதுவந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இந்த அனுபவம் உண்டு. அன்றாட வாழ்க்கை குலையும் அளவுக்குக் கடுமையாக இருப்பது சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்கள் அதே சத்தத்தோடு வேலைக்குப் போகிறார்கள், பேசிச் சிரிக்கிறார்கள், தூங்குகிறார்கள். அவர்களுக்குச் சத்தம் சின்னது, அவதிப்படுபவர்களுக்குப் பெரியது என்று இதை விளக்கிவிட முடியாது. கருவி வைத்து அளந்தால் அப்படி வருவதில்லை. மூளை அந்தச் சத்தத்தை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் வரும் சிகிச்சைகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

உட்காதில் காக்ளியா என்ற சுருள் வடிவ உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் ஒலியின் அதிர்வை மின்சைகையாக மாற்றி நரம்புக்கு அனுப்புகின்றன. வயதாலோ பேரொலியாலோ சில மருந்துகளாலோ இவை அழிந்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளை வாங்கும் செல்களே முதலில் போகின்றன. அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டிய சைகை குறைந்ததும், ஈடுகட்டுவதற்காக மூளையின் கேள்விப் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நரம்புகளில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு மின்துடிப்புகள் அப்போது சத்தமாகக் கேட்கத் தொடங்குகின்றன. இரைச்சலின் சுருதி, கேட்கும் திறன் குறைந்த பகுதியிலேயே பெரும்பாலும் அமைவதற்கு இதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

அந்தத் துடிப்புகள் நோயாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் இருவரும் காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் சில நிமிடம் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்து பயம் சேர்கிறது. ‘மூளையில் கட்டியோ? செவிடாகிவிடுவேனோ?’ என்ற எண்ணம் வந்ததும் மூளை அந்தச் சத்தத்தை ஆபத்து என்று குறித்துக்கொள்கிறது. ஆபத்தான சத்தத்தை அது விலக்காது. தேடித் தேடிக் கேட்கும். கேட்கக் கேட்கப் படபடப்பு, படபடப்பால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் சத்தம் இன்னும் உறுத்தும். பவெல் ஜாஸ்ட்ரெபாஃப் 1990-ல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான். இந்தச் சுழல் அறுபடவும் செய்யும். தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்குக் குடிபோனவர் முதல் வாரம் ஒவ்வொரு ரயிலுக்கும் விழித்துக்கொள்வார். மூன்றாம் மாதம் ரயில் போனதே அவருக்குத் தெரியாது. காது இரைச்சலும் அப்படிப் பழகிப்போகக்கூடியதே.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

பெரும்பாலான காது இரைச்சல் ஆபத்தில்லாதது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

• ஒன்றிரண்டு நாளில் ஒரு காது திடீரென மந்தமாகிவிட்டது. சளியோ அழுக்கோ என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவதுதான் இதில் அடிக்கடி நடப்பது. நரம்பு சார்ந்த திடீர்க் கேள்விக்குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அன்றே, முடியாவிட்டால் மறுநாளே ஈஎன்டி மருத்துவரைப் பாருங்கள்.

• சத்தம் நாடித் துடிப்போடு சேர்ந்து ‘துப், துப்’ என்று வருகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே கேட்டால் தெரிந்துவிடும். இரத்தசோகை, தைராய்டு மிகை போன்ற எளிய காரணங்களும் உண்டு. இரத்தக்குழாய்க் கோளாறும் இருக்கலாம். தலைவலியும் பார்வை மங்கலும் கூட இருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

• ஒரே ஒரு காதில் மட்டும் விடாமல் கேட்கிறது, அல்லது இரு காதுகளின் கேள்வியும் சமமாக இல்லை.

• முகம் கோணுதல், கை கால் மரத்தல், நடை தள்ளாடுதல், கடும் தலைசுற்றல்.

• தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியது. அல்லது காதில் சீழ், இரத்தம், வலி.

• ‘இதோடு வாழ்வதைவிடச் சாகலாம்’ என்ற எண்ணம். இதைக் குடும்பத்தில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். காது மந்தமான முதியவர்களுக்குச் சில சமயம் பழைய பாட்டோ நாதஸ்வரமோ கேட்பதுண்டு. அதுவும் பெரும்பாலும் கேள்விக்குறைவின் விளைவே. யாரோ பேசுவதுபோல, கட்டளையிடுவதுபோலத் தெளிவான வார்த்தைகள் கேட்டால் மட்டும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும் முன்

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், தொடர்ச்சியா, விட்டுவிட்டா, எப்போது கூடுகிறது, தறி, லேத், ஜெனரேட்டர், மேளம், டிஜே என்று எந்தப் பேரொலியில் எத்தனை வருடம் இருந்தீர்கள், தாடை வலி, கழுத்து வலி, இரவில் பல் கடிக்கும் வழக்கம் உண்டா. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

காதைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் சில இருக்கின்றன: ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின், குளோரோகுயின், அதிக அளவில் ஃபுரோசமைடு, அதிக அளவில் ஆஸ்பிரின். இதய நோய்க்காகச் சாப்பிடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் வழக்கமாக இரைச்சலை உண்டாக்குவதில்லை. எந்த மருந்தானாலும் எழுதித் தந்தவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பரிசோதனை அறையில்

முதலில் மருத்துவர் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்பார். குறும்பி அடைத்திருப்பது, செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர் ஆகியவை அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து ஆடியோமெட்ரி. காது இரைச்சல் உள்ள எவரும் இதைத் தவிர்க்கக் கூடாது. ‘எனக்குக் காது நன்றாகக் கேட்கிறதே’ என்பவர்கள் பலருக்கும் உயர் சுருதியில் குறைவு இருக்கும்; மெதுவாகத்தான் வந்திருக்கும் என்பதால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

பரிசோதனை எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். குமாரபாளையத்தில் 30 வருடம் விசைத்தறி ஓட்டிய, 56 வயதுக்காரர் வந்திருக்கிறார். ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, ‘லேசாக் கேட்டாலும் அமுக்குங்க ஐயா’ என்கிறார் ஆடியாலஜிஸ்ட். 250 ஹெர்ட்சில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் அவருக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி குறிக்கப்படுகிறது. 25 டெசிபலுக்குள் கேட்டால் இயல்பு என்பது பொதுவான கணக்கு. இவருடைய வரைபடத்தில் 1,000 ஹெர்ட்ஸ் வரை கோடு மேலேயே இருக்கிறது. 4,000-ல் பள்ளத்தில் இறங்கி, 8,000-ல் கொஞ்சம் ஏறுகிறது. பேரொலியால் கெட்ட காதின் அடையாளம் அந்தப் பள்ளம். பிறகு இரைச்சலின் சுருதியைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

“இந்தச் சத்தமுங்களா, இதைவிடக் கீச்சுன்னு இருக்குமுங்களா ஐயா?”

“இன்னும் கொஞ்சம் மேலங்கம்மா... ஆமாங்க, இதேதான்!”

ஒலியளவையும் பொருத்துகிறார்கள். பெரும்பாலோருக்கு இரைச்சல், அந்தச் சுருதியில் அவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லையைவிடச் சில டெசிபல்தான் கூடுதலாக இருக்கும். ‘தலைக்குள்ள மில்லே ஓடுது’ என்று சொல்லிவந்த தறிக்காரருக்கும் அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவதியை டெசிபலில் அளக்க முடியாது. அதற்குத்தான் வினாத்தாள்.

உலகெங்கும் அதிகம் பயன்படுவது 1996-ல் வெளிவந்த டிஎச்ஐ வினாத்தாள். கவனம், தூக்கம், எரிச்சல், நம்பிக்கையிழப்பு என்று 25 கேள்விகள். ‘ஆம்’ என்றால் 4, ‘சில சமயம்’ என்றால் 2, ‘இல்லை’ என்றால் 0. கூட்டுத்தொகை 16 வரை இருந்தால் பாதிப்பு மிகக் குறைவு. 36 வரை லேசானது. 56 வரை நடுத்தரம். 76 வரை கடுமை. அதற்கு மேல் மிகக் கடுமை. முதல் நாள் மதிப்பெண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க மூன்று மாதம் கழித்து அதுதான் உதவும்.

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம். ஒரு பக்க இரைச்சல், சமமில்லாத கேள்விக்குறைவு, நரம்புக் கோளாறு அறிகுறி, நாடியோடு துடிக்கும் சத்தம் ஆகியவற்றுக்குத்தான் எம்ஆர்ஐ போன்றவை தேவை. கேள்வி நரம்பின் மேலுள்ள உறையில் வளரும், புற்றுநோயல்லாத கட்டி ஒன்று அரிதாக இப்படி வெளிப்படும். அதைத் தவறவிடாமல் இருக்கவே ஒரு பக்க இரைச்சலுக்கு ஸ்கேன்.

முதலில் சரிசெய்யக்கூடியவை

குறும்பி அடைப்பு, நடுக்காது நீர், செவிப்பறை ஓட்டை, நடுக்காது எலும்பு இறுக்கம், இரத்தசோகை, தைராய்டு, தாடை மூட்டுக் கோளாறு ஆகியவை காரணமாக இருந்தால் அவற்றைக் குணப்படுத்தும்போதே இரைச்சல் குறையலாம். குறும்பியை எடுக்கிறேன் என்று பட்ஸ், ஹேர்பின், சாவி போட்டுக் குடையாதீர்கள். அது உள்ளே தள்ளத்தான் செய்யும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குப் போகும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காதுக் குழாயில் விழும் சிறு கீறல்கூடக் கடும் தொற்றில் முடியலாம். சொட்டு மருந்தால் இளக்கி, மருத்துவரிடமே எடுத்துக்கொள்வதே நல்லது.

காது மெஷின்

கேள்விக்குறைவோடு இரைச்சலும் இருப்பவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது இது. குறைந்துபோன சைகை மறுபடி வரத் தொடங்கும்போது மூளை உணர்திறனைக் கூட்டிவைக்கும் தேவை குறைகிறது. சுற்றுப்புற ஒலிகள் கேட்பதால் இரைச்சல் பின்னுக்குப் போகிறது. பேச்சைப் பிடிக்கக் காதைத் தீட்டித் தீட்டி வரும் களைப்பும் குறைகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருந்தால்தான் பலன். கல்யாணத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றினால் இல்லை. வரைபடத்தைப் பார்த்துச் செவிக்கேற்ப அமைத்துத் தராத, எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவு மெஷின்களை வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஊனச் சான்றிதழ் பெறும் அளவுக்குக் குறைவு இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மெஷினுக்கு விண்ணப்பிக்கலாம்.

இரவு

பகலில் கேட்காத சத்தம் படுத்ததும் கேட்பதற்குக் காரணம், அது கூடுவதல்ல, அறை அமைதியாகிவிடுவதுதான். ஆகவே முழு அமைதியைத் தவிருங்கள். மின்விசிறி, மழைச் சத்தம், மெல்லிய தம்பூரா சுருதி என எரிச்சலூட்டாத, ஏற்ற இறக்கமில்லாத ஓர் ஒலியைச் சன்னமாக ஓடவிடுங்கள். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குக் கூட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவே சரி. இரைச்சல் காதில் விழுந்தால்தான் மூளை அதற்குப் பழகும். கைப்பேசியில் போடுவதாக இருந்தால் திரையைக் கவிழ்த்து, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரமாக இருக்கட்டும். சுமார் 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பதோ புத்தகம் படிப்பதோ செய்துவிட்டுக் கண் சொக்கும்போது திரும்புங்கள். காப்பியை நிறுத்தினால் இரைச்சல் நிற்கும் என்பதற்கு ஆதாரமில்லை. தூக்கத்துக்காக மாலைக்குப் பிறகு தவிர்த்தால் போதும். மது இரவின் பிற்பாதித் தூக்கத்தைக் கெடுக்கும்.

எண்ணங்களைத் திருத்தும் பயிற்சி

இரைச்சலால் வரும் அவதியைக் குறைப்பதில் உறுதியான ஆதாரம் உள்ளது சிபிடி என்ற அறிவுசார் நடத்தை சிகிச்சைக்கு. 28 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வறிக்கையும் அதையே சொல்கிறது. சத்தத்தின் அளவு மாறாவிட்டாலும் வாழ்க்கையில் அதன் பிடி தளர்கிறது. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் செய்வது நல்லது. வீட்டிலேயே தொடங்கவும் செய்யலாம். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். நிரப்பும் முறை இப்படி:

சூழ்நிலை: இரவு 2 மணி, விழிப்பு வந்தது, சத்தம் பலமாக இருந்தது.
தோன்றிய எண்ணம்: ‘நாளுக்கு நாள் கூடுகிறது. சீக்கிரம் செவிடாகிவிடுவேன்.’
செய்தது: காதைப் பொத்திப் பொத்திச் சோதித்தேன், கைப்பேசியில் தேடினேன், 4 மணி வரை தூக்கமில்லை.
உண்மை நிலவரம்: இரைச்சல் யாரையும் செவிடாக்குவதில்லை. போன வாரமும் இப்படித்தான் இருந்தது, காலையில் தணிந்தது. சோதிக்கச் சோதிக்கத்தான் பலமாகத் தெரிகிறது.

மூன்றாவது பத்தியைக் கூர்ந்து பாருங்கள். இரைச்சல் இருக்கிறதா என்று அடிக்கடி சோதிப்பது, அதற்குப் பயந்து கல்யாணம், கோயில், சினிமாவை ஒதுக்குவது, அமைதியான அறையிலும் பஞ்சு வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும்; நாளடைவில் இரைச்சலை வளர்க்கும். வாரம் ஒன்றாக இவற்றை விட்டு வாருங்கள். வீட்டில் இருப்பவர்களும் ‘இன்னைக்கு எப்படி இருக்கு?’ என்று தினமும் கேட்பதை நிறுத்தலாம். அதற்குப் பதில் கூட நடக்கப் போகலாம். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசலாம்.

மருந்தும் விளம்பரமும்

காது இரைச்சலைப் போக்கும் மாத்திரை இன்று வரை இல்லை. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவச் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல், கிங்கோ, துத்தநாகம், மெலடோனின், மனச்சோர்வு மருந்து, வலிப்பு மருந்து எதையும் இரைச்சலுக்காக வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. தலைசுற்றலுக்குப் பலர் சாப்பிடும் பீட்டாஹிஸ்டினையும் இரைச்சலுக்குத் தரக் கூடாது என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட 2020 வழிகாட்டுதல். மனச்சோர்வோ பதற்றமோ தனி நோயாகவே இருந்தால் அதற்கான மருந்தைத் தயங்காமல் சாப்பிடுங்கள். அது வேறு விஷயம். நாக்கில் மெல்லிய மின்தூண்டலையும் காதில் ஒலியையும் சேர்த்துத் தரும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆடியோமெட்ரியையும் மேலே சொன்னவற்றையும் விட்டுவிட்டு அங்கே ஓட வேண்டியதில்லை. ‘ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு’ என்று யூடியூபில் விற்கும் சொட்டு மருந்துக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இருக்கும் கேள்வியைக் காத்தல்

85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-ல் 15 நிமிடம். நம் நாட்டுப் பட்டாசு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை அனுமதி. கிட்ட நின்றால் அதற்கும் மேல். தறிக்கூடம், லேத் பட்டறை, கச்சேரி மேடை, தீபாவளித் தெரு ஆகிய இடங்களில் நுரை அடைப்பான் போடுங்கள். அடைப்பானை விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல் மடலைப் பின்னும் மேலுமாக இழுத்து, திரியை உள்ளே செருகி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காக்காது.

மூன்று மாதக் கணக்கு

முதல் மாதம்: ஈஎன்டி பரிசோதனை, ஆடியோமெட்ரி, வினாத்தாள் மதிப்பெண், இரவு ஒலி. இரண்டாம் மாதம்: தேவைப்பட்டால் மெஷின், நான்கு பத்தி நோட்டு, ஒதுக்கி வைத்திருந்த ஒரு வேலையை மறுபடி தொடங்குவது. மூன்றாம் மாத முடிவில் வினாத்தாளை மீண்டும் நிரப்பிப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். முன்னேற்றத்தைச் சத்தத்தின் அளவை வைத்து எடைபோட வேண்டாம். எத்தனை இரவு தூங்கினீர்கள், எத்தனை மணி நேரம் அதை மறந்திருந்தீர்கள், விட்டிருந்த எந்த வேலையைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று பாருங்கள். சளியோ, தூக்கமற்ற பயணமோ, வீட்டுக் கவலையோ வந்தால் சில நாள் கூடும், அது பின்னடைவாகாது. மதிப்பெண் குறையாமலோ கூடியோ இருந்தால் அந்த நோட்டையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போய், சிபிடி தெரிந்த உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ‘இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது கைவிரித்தால், வேறு மருத்துவரைப் பாருங்கள். பழகுவதற்கும் உதவி தேவைப்படும். அந்த உதவியும் சிகிச்சைதான்.